காத்திருப்புப் பட்டியலில் மகள்: 'இன்னும் வர விரும்புகிறேன்' என்ற கடிதத்தால் ஆவதும் ஆகாததும்

திருச்சியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருப்பதன் சுருக்கம் இது: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவருடைய மகளுக்கு இளநிலைப் படிப்பில் இடம் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை, காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. தொடர்ந்து விருப்பமாக இருப்பதாக ஒரு கடிதம் அனுப்பினால் இடம் கிடைத்துவிடும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அதை எழுதித் தருவதற்கு ஒரு கன்சல்டன்சி நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறது. பட்டியலில் மகளுக்கு எத்தனையாவது எண் என்று கேட்டால் பல்கலைக்கழகம் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. இதற்கிடையில், இடம் கொடுத்துவிட்ட இன்னொரு அமெரிக்கக் கல்லூரி மே 1-க்குள் முன்பணம் கட்டச் சொல்கிறது. கேள்வி கடிதத்தைப் பற்றியதாகத் தெரிந்தாலும், இன்னும் எவ்வளவு நம்பலாம், அந்த நம்பிக்கைக்காக எதைக் கைவிடலாம் என்பதே அவருடைய கவலை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் மூன்று பருவம் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையில் இருந்தேன். அதன்பின் பதினோரு ஆண்டுகளாகச் சென்னையில் பள்ளி மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். ஆகவே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் உள்ளிருந்து பார்த்தது ஒரே ஒரு கல்லூரியை. மற்றவற்றைப் பற்றி நான் சொல்வது அவர்களே வெளியிடும் விவரங்களையும், என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு நேர்ந்ததையும் வைத்துத்தான்.

முதலில் அந்த எண். நம் ஊரில் வெயிட்டிங் லிஸ்ட் என்றால் ரயில் டிக்கெட்தான் நினைவுக்கு வரும். டபிள்யூஎல் 14 என்று இருந்தால் முன்னால் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் கழிந்தால் நம் முறை என்று கணக்குப் போட்டுப் பழகிவிட்டோம். பொறியியல் கலந்தாய்விலும் கட்-ஆஃப், தரவரிசை என்று எல்லாமே வரிசைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை காத்திருப்போரை இப்படி வரிசைப்படுத்துவதில்லை. அங்கே அது கியூ கிடையாது, ஒரு கூடை. தேவை எழும்போது அந்தத் தேவைக்குப் பொருந்துகிறவரைக் கூடையிலிருந்து எடுக்கிறார்கள். எனவே உங்கள் மகளின் எண்ணை அவர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அநேகமாக அப்படி ஓர் எண்ணே இல்லை. வரிசைப்படுத்துகிறார்களா என்பதை 'காமன் டேட்டா செட்' என்ற பெயரில் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் இணையதளத்தில் வெளியிடும் ஆவணத்தின் சி2 பகுதியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கூடை எதற்காக என்பதைப் புரிந்துகொண்டால் கடிதத்தின் வேலையும் புரிந்துவிடும். ஆயிரம் மாணவர்கள் வேண்டிய கல்லூரி ஆயிரம் பேருக்கு மட்டும் இடம் கொடுப்பதில்லை. கொடுத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார்கள் என்பதை முந்தைய ஆண்டுகளை வைத்துக் கணித்து, அதற்கேற்பக் கூடுதலாகக் கொடுக்கிறது. இந்த விகிதத்தை அவர்கள் யீல்டு என்கிறார்கள். கணிப்பு மேலே தவறினால் விடுதியில் கட்டில் இருக்காது, கீழே தவறினால் வரவுசெலவில் துண்டு விழும். கீழே தவறும் ஆண்டில் அந்தத் துண்டை அடைக்க வைத்திருப்பதுதான் காத்திருப்புப் பட்டியல். அதனால் உங்கள் மகளின் வாய்ப்பில் பெரும்பங்கு அவளுடைய தகுதியைச் சார்ந்ததே இல்லை; அவளுக்கு முன்பே இடம் பெற்று, அவளுக்கு முகம்கூடத் தெரியாத ஏதோ சில நூறு பேர் ஏப்ரல் மாதத்தில் எடுக்கும் முடிவைச் சார்ந்தது. 2020-இல் பெருந்தொற்றால் யார் வருவார்கள் என்றே கணிக்க முடியாமல் போனபோது பல கல்லூரிகள் காத்திருப்புப் பட்டியலுக்குள் வழக்கத்தைவிட வெகுதூரம் சென்றன. கணிப்பு பலித்த வேறு ஆண்டுகளில், பெயர் பெற்ற சில கல்லூரிகள் ஒருவரைக்கூட எடுக்காமல் பட்டியலை மூடியதும் உண்டு.

நான் வேலை பார்த்த இடத்தில் மே முதல் வாரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் முதல் வேலை, முந்தைய நாள் இரவு வரை எத்தனை பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்ப்பது. மொத்தத்தில் முப்பது குறைகிறது என்றால் உடனே முப்பது பேரைக் கூப்பிட்டுவிட மாட்டோம். எந்தத் துறையில் குறைகிறது, நிதியுதவிக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். கணினி அறிவியல் நிரம்பி வழியும், வேதியியலில் ஆள் இருக்காது. பிறகு தலைமை அலுவலர், விண்ணப்பங்கள் வரும் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் பொறுப்பானவரிடம், "உன் பகுதியிலிருந்து மூன்று பெயர் சொல், கூப்பிட்டால் வருகிறவர்களாக இருக்கட்டும்" என்பார். அந்த மூன்று பெயரைத் தேடும்போதுதான் கோப்பைத் திறப்போம். அங்கே ஏப்ரலில் வந்த ஒரு பக்கக் கடிதம் இருந்தால் படிப்போம். இல்லையென்றால், படிவத்தில் 'ஆம், பட்டியலில் இருக்க விரும்புகிறேன்' என்று போட்ட ஒரு டிக் மட்டும் இருக்கும். அந்த டிக்கைப் பட்டியலில் இருக்கும் எல்லோருமே போட்டிருப்பார்கள்.

கடிதத்திடமிருந்து அலுவலகம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு கேள்விக்கான பதில்: இன்று இடம் கொடுத்தால் இவள் வருவாளா? இவளால் இங்கே படிக்க முடியுமா என்ற கேள்வி மார்ச்சிலேயே முடிந்துபோனது. முடியாது என்று நினைத்திருந்தால் மறுத்திருப்பார்கள். (பழைய மாணவரின் பிள்ளை, நெடுநாள் உறவுள்ள பள்ளியின் மாணவர் போன்றோருக்கு மரியாதைக்காகக் காத்திருப்பு என்று சொல்லி வைப்பதும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.) இதை உணராத பிள்ளைகள் கடிதத்தை இரண்டாவது விண்ணப்பமாக எழுதிவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கொண்டுவந்த வரைவு ஏறத்தாழ தொள்ளாயிரம் சொல் இருந்தது. முதல் பத்தி முழுக்க அந்தப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டில் தொடங்கப்பட்டது, எப்படி உலகப் புகழ் பெற்றது என்ற வரலாறு. அந்த வரலாற்றை அங்கேயே சம்பளம் வாங்குகிறவருக்கு எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். இரண்டாம் பத்தி ஏமாற்றத்தைப் பற்றி, மூன்றாவது எட்டாம் வகுப்பிலிருந்து வாங்கிய பரிசுகள். அவளுடைய விண்ணப்பத்தில் இல்லாத புதிய செய்தி கடைசிப் பத்தியில் பாதி வரியாக ஒளிந்திருந்தது: ஜனவரிக்குப் பிறகு பள்ளி மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்து, ஊரிலிருந்த இன்னும் இரண்டு பள்ளிகளையும் வைக்கச் சொல்லி, மூன்றின் அளவுகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கடைசியில் போன கடிதம் இருநூற்றைம்பது சொல்லுக்குச் சற்று மேல். முதல் வாக்கியத்திலேயே, காத்திருப்புப் பட்டியலில் தன் இடத்தை ஏற்றுக்கொண்டதையும், இடம் கிடைத்தால் கட்டாயம் வந்து சேர்வதையும் சொன்னாள். அடுத்த பத்தியில் அந்த மழைமானி, அதனோடு கடைசிப் பருவத் தேர்வு மதிப்பெண். மூன்றாவதில், அந்தத் துறையில் இளநிலை மாணவர்களும் களப்பணிக்குச் செல்லும் ஓர் ஆய்வகத்தின் பெயரையும், தன் மூன்று பள்ளிக் கணக்கில் எழுந்த எந்தச் சந்தேகத்தை அங்கே தொடர விரும்புகிறாள் என்பதையும் எழுதினாள். அதற்குமேல் ஒரு நன்றி, பெயர், விண்ணப்ப எண். அவ்வளவுதான். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு அந்தப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கவே இல்லை என்று பின்னர் பதில் வந்தது. அதே பருவத்தில், நான் திருத்தச் சொல்லியும் திருத்தாமல் நான்கே வரி எழுதி அனுப்பிய ஒரு பையனுக்கு வேறொரு கல்லூரியில் மே மூன்றாம் வாரம் இடம் வந்தது. ஒரு கடிதம் எவ்வளவு கனம் பெற்றது என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதற்கே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். எழுதிய கடிதத்தால் கெட்டவரை நான் மிகச் சிலராகவே பார்த்திருக்கிறேன். அவர்களும் வாரம் ஒரு கடிதம் அனுப்பியவர்கள், அல்லது 'என்னை ஏன் எடுக்கவில்லை' என்று வாதாடியவர்கள்.

அதனால் கன்சல்டன்சிக்கு நாற்பதாயிரம் ரூபாய் தேவையில்லை. பணம் வீண் என்பது ஒருபுறம் இருக்க, ஒரே அச்சில் வார்த்த கடிதங்களை ஒரே நகரத்திலிருந்து ஆறேழு படித்தால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும், எனக்கே தெரிந்திருக்கிறது. நீங்கள் மாதிரிக் கடிதம் கேட்டிருந்தீர்கள். அதையும் இதே காரணத்தால் தரவில்லை. மகளே எழுதட்டும், அவளுக்கு இங்கிலீஷ் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருமுறை பிழை பார்த்தால் போதும். தந்தையாகிய நீங்கள் எழுத வேண்டாம், தொலைபேசியில் கூப்பிடவும் வேண்டாம். சட்டமன்ற உறுப்பினர், தொழிலதிபர் என்று எவரிடமும் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டாம். பள்ளியின் ஆலோசகரோ முதல்வரோ பகுதிப் பொறுப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, இந்த மாணவி இடம் கிடைத்தால் வருவாள் என்பதை உறுதிப்படுத்துவது மட்டும் பயனுள்ளது. பள்ளி சொல்லும் சொல்லுக்கு ஆண்டாண்டாக ஒரு நாணயம் இருப்பதால் அதை மதிப்பார்கள்.

ஆனால் கடிதம் அனுப்புவதற்கு முன், காத்திருப்பு முடிவைத் தெரிவித்த மின்னஞ்சலையும் போர்ட்டலையும் வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். சில இடங்கள் கடிதத்தைப் பதிவேற்றத் தனிப் பெட்டி வைத்திருக்கும். சில, குறிப்பிட்ட சொல் எண்ணிக்கைக்குள் எழுதச் சொல்லும். சில, எதையும் அனுப்பாதே என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். யூசி என்று சுருக்கமாகச் சொல்லும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் விருப்பத்தைப் போர்ட்டலில் தெரிவிப்பதுதான் முறை. படிவத்தில் எழுத இடம் கொடுத்திருந்தால் அதில் எழுதலாம், தனியாக மின்னஞ்சலும் பரிந்துரைக் கடிதமும் அனுப்புவதால் எதுவும் நகராது. வேண்டாம் என்று சொன்ன இடத்தில் அனுப்புவது ஆர்வத்தைக் காட்டாது, அறிவுறுத்தலைப் படிக்கவில்லை என்பதைத்தான் காட்டும். மேலே சொன்ன காமன் டேட்டா செட்டில் சி7 என்ற பகுதி, மாணவர் காட்டும் ஆர்வத்தைக் கல்லூரி கணக்கில் எடுக்கிறதா என்று சொல்லும். 'கருதுவதில்லை' என்று அங்கே குறித்திருந்தாலும், அவர்களே கேட்டால் எழுதுங்கள்; காத்திருப்பு நிலையில் இந்தக் கோடு சற்று மங்கிவிடும் என்பது என் அனுபவம், உறுதியான விதி கிடையாது.

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வழக்கமான சுற்றில் குடும்பத்தின் வருமானத்தைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லும் கல்லூரிகளிலும் பல, காத்திருப்புப் பட்டியலில் அந்த உறுதியைத் தருவதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கோ பெரும்பாலான கல்லூரிகளில் முதல் சுற்றிலேயே அந்த உறுதி இல்லை. மே மாதத்தில் நிதியுதவிப் பெட்டி காலியாக இருக்கும் வாய்ப்பே அதிகம். உங்கள் மகள் பெருந்தொகை உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தால் வாய்ப்பு குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக, உதவியே வேண்டாம் என்று கடிதத்தில் துணிந்து எழுதிவிடாதீர்கள். இடம் வந்த பிறகு, மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தை வங்கிச் சான்றோடு காட்ட வேண்டும். கடன், சேமிப்பு, மாமா கொடுப்பதாகச் சொன்னது எல்லாம் அப்போது காகிதத்தில் வந்து நிற்க வேண்டும். 'கட்டாயம் வருவேன்' என்ற சொல்லும் அப்படித்தான். அதை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுதலாம். இரண்டு காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் இரண்டாவதற்கு 'மிகவும் விரும்புகிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதே சி2 பகுதிக்குத் திரும்பிப் போங்கள். எத்தனை பேரைப் பட்டியலில் வைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இருக்கச் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்று மூன்று எண் இருக்கும். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள், ஓர் ஆண்டுக்கு மட்டும் பார்க்காமல் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஓர் ஆண்டு 200, அடுத்த ஆண்டு 0 என்று தாவுகிற கல்லூரிகளைக் கண்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம்; அந்தத் தாவலே உங்களுக்கான பதில். இந்த எண்கள் உள்நாட்டு மாணவரையும் வெளிநாட்டு மாணவரையும் பிரித்துக் காட்டுவதில்லை, துறைவாரியாகவும் காட்டுவதில்லை. ஆகவே அதிலிருந்து கிடைப்பது ஒரு மேல்வரம்பு மாதிரியான மதிப்பீடு. கணினி அறிவியலுக்கு விண்ணப்பித்திருந்தால் அதிலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்பேன். இது என் ஊகம்.

மே 1 விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: இடம் கொடுத்த கல்லூரிக்குப் பணத்தைக் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் சில நூறு டாலர். பின்னர் மாறினால் திரும்ப வராது, அது காத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. ஓரிடத்தில் பணம் கட்டிவிட்டு இன்னோரிடத்தின் காத்திருப்புப் பட்டியலில் இருப்பது முறைகேடு இல்லை, எல்லாக் கல்லூரிகளும் எதிர்பார்ப்பதுதான். இடம் கொடுத்த இரண்டு கல்லூரிகளுக்கும் முன்பணம் கட்டி வைத்துக்கொள்வதுதான் தவறு. மாறுவதென்றால் முதல் கல்லூரிக்கு அன்றைக்கே எழுதி விலகிக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சேர்க்கை ஆலோசகர்களின் சங்கமான நேக்காக், மே 1-க்குப் பிறகு இன்னொரு கல்லூரிக்கு உறுதி கொடுத்த மாணவரை இழுக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. அமெரிக்க நீதித்துறை அதைப் போட்டிக்கு எதிரானதாகக் கருதி விசாரித்ததால் 2019 செப்டம்பரில் சங்கம் அந்த விதியை நீக்கியது. உறுதி கொடுத்தவர்களைக் கோடையிலும் இழக்கக்கூடும் என்று ஆகிவிட்டதால், முன்பு மே மாதத்தோடு ஓய்ந்துவிடும் பட்டியல்கள் இப்போது ஜூன், ஜூலை வரை நீள்வதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய சாதகம் உண்டு. அமெரிக்க மாணவருக்கு மே மாதத்தில் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்காது. நம் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு முடிவு அப்போதுதான் வருகிறது. தமிழ்நாடு பிளஸ் டூ முடிவு 2024-இல் மே 6 அன்றும் 2025-இல் மே 8 அன்றும் வந்தது. சிபிஎஸ்இ முடிவு அந்த இரண்டு ஆண்டும் மே 13 அன்று வந்தது. பள்ளி முன்கூட்டியே கணித்து அனுப்பிய மதிப்பெண்ணை ஒட்டியோ மேலாகவோ வந்தால், அன்றே மதிப்பெண் பட்டியலைப் பள்ளி மூலம் அனுப்பச் சொல்லி, மூன்று வரிச் செய்தி ஒன்றை மகள் எழுதலாம். ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு அனுப்பத் தகுந்த இரண்டாவது செய்தி இது ஒன்றுதான். மதிப்பெண் குறைந்திருந்தால் தானாக முன்வந்து செய்தி அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாது.

அழைப்பு வந்தால் பதில் சொல்ல இரண்டு மூன்று நாள்தான் கொடுப்பார்கள். சிலர் முறைப்படி கடிதம் அனுப்பும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர்களுக்கு மதியம் என்றால் நமக்கு நள்ளிரவு. விண்ணப்பத்தில் கொடுத்த எண் மகளுடையதா, ஏதாவது ஏஜென்ட்டுடையதா என்று இன்றே சரிபாருங்கள். ஸ்பேம் பெட்டியையும் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். இடம் ஏற்றபின் புதிய கல்லூரியின் ஐ-20 வந்தாக வேண்டும். முதல் கல்லூரியின் ஐ-20-ஐ வைத்து, செவிஸ் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான ஐ-901 கட்டணமான 350 டாலரை ஏற்கெனவே கட்டியிருந்தால் அதைப் புதிய செவிஸ் எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, மறுபடி கட்ட வேண்டியதில்லை. விசாவே வாங்கியிருந்தால் புதிய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது. தூதரக நேர்காணலுக்கு நேரம் கிடைப்பதுதான் உண்மையான நெருக்கடி. 2025 மே இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேரம் ஒதுக்குவதையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள், அந்த ஆண்டு ஜூனில் இடம் கிடைத்தவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். எனவே எந்தத் தேதிக்குப் பிறகு வரும் அழைப்பை ஏற்பதில்லை என்று வீட்டில் இப்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். என் மாணவர்களுக்கு நான் ஜூன் 30 என்று சொல்வது வழக்கம். அந்தத் தேதி கடந்தால், மகளே போர்ட்டலுக்குள் சென்று பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு, முன்பணம் கட்டிய கல்லூரியின் விடுதிப் படிவத்தை நிரப்பத் தொடங்கட்டும்.